புயலுக்குப் பெயரிட்ட கப்பல் தலைவர்

பெசன்ட் நகர்க் கடற்கரையில், பிறரைக் காக்கச் சென்று 1930-இல் அலைக்கு இரையான கார்ல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம் இருக்கிறது. மாலையில் அங்கு நின்று நோக்கினால் கடல் அமைதியாகத்தான் தோன்றும். அந்த அமைதியை நம்பாமல் பாரமானியைப் பார்க்கும்படி மாலுமிகளுக்குக் கற்பித்த ஹென்றி பிடிங்டனை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1797-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். வணிகக் கப்பலின் தலைவராயிருந்து பின்னர் கல்கத்தாவில் குடியேறியவர். வில்லியம் ரீடு 1838-இல் வெளியிட்ட புயல் நூலைப் படித்த நாள்முதல் அவருக்குப் புயலே மூச்சாயிற்று. கப்பல்களின் நாட்குறிப்புகளைக் கேட்டு வாங்குவார். எந்த மணியில் காற்று எத்திசையில் வீசிற்று, பாரமானியில் பாதரசம் எவ்வளவு இறங்கிற்று என்று ஒப்பிட்டு வரைபடத்தில் குறிப்பார். 1841 மே மாதத்துச் சென்னைப் புயலையும் இவ்வாறே ஆராய்ந்து எழுதினார். நம் இயற்பியல் ஆய்வுக்கூடச் சுவரில் தொங்கும் பாரமானியை நாம் தேர்வுக்கு முதல்நாள்தானே ஏறிட்டுப் பார்க்கிறோம்!

புயலின் நடுவில் காற்றழுத்தம் மிகக் குறைவு. சுற்றியுள்ள காற்று அவ்விடம் நோக்கிப் பாய்கிறது. பூமியின் சுழற்சி அதை நேரே செல்லவிடாமல் வளைக்கிறது. ஆகவே வட கோளத்தில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் புயலின் நடுவிடம் ஏறக்குறைய இடக்கைப் பக்கம் இருக்கும். இந்தச் சுழற்சியைப் பிடிங்டன் ஒளி ஊடுருவும் கொம்புத் தகட்டில் வரைந்து தந்தார். கடல் வரைபடத்தின்மேல் அதை வைத்தால், கப்பலை எப்பக்கம் திருப்பினால் பிழைக்கலாம் என்பது புலப்படும். 1848-இல் வந்த அவரது நூல் மாலுமிகளுக்காகவே எழுதப்பட்டது. பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்ற பெயரைப் படைத்தவரும் அவரே.

அக்காலத்தில் கல்கத்தாவுக்குத் தெற்கே மாட்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்ட அரசு முனைந்தது. பிடிங்டன் பதறிப்போனார். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும் என்பது இன்றைய கணக்கு. அதனினும் பன்மடங்கு நீரைக் காற்று கரைமேல் தள்ளிவிடும். ஒரு புயல் நாளில் கடல் புகுந்து ஊரையே அழிக்கும் என்று 1853-இல் தலைமை ஆளுநர் டல்ஹவுசிக்கு எழுதினார். கேட்பாரில்லை. 1858-இல் அவர் மறைந்தார்.

துறைமுகம் எழுந்தது, கானிங் பிரபுவின் பெயரும் சூட்டப்பட்டது. 1867 நவம்பரில் புயல் வந்தது. கடல் உள்ளே புகுந்தது. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது. அதற்கென்று போட்ட இருப்புப்பாதையில் இன்றும் கானிங்குக்கு ரயில் போய்வருகிறது.