இளைஞர்களின் தந்தை புனித தொன் போஸ்கோ

நமது பங்கு யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், வளர்ந்த பிள்ளைகளை நல்வழியில் நடத்துவது எப்படி என்ற கவலையோடு என்னிடம் வரும் பெற்றோர் பலர். கண்டித்தோம், கைப்பேசியைப் பறித்து வைத்தோம், அடித்தும் பார்த்தோம் என்கின்றனர். இவர்களுக்கும், இளைஞர் குழுவை நடத்துவோருக்கும் வழிகாட்டியாக விளங்குபவர் புனித தொன் போஸ்கோ.

வட இத்தாலியில், பியமொந்தே பகுதியின் பெக்கி என்னும் சிற்றூரில், 1815 ஆகஸ்ட் 16ஆம் நாள் ஏழை உழவர் குடும்பத்தில் யோவான் போஸ்கோ பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்னே தந்தையை இழந்தார். தாய் மார்கரீத்தம்மாள் எழுத்தறியாதவர். ஆயினும் பிள்ளைகளுக்குச் செபமும் ஞானோபதேசமும் கற்பித்தவர் அவரே.

ஒன்பது வயதில் சிறுவன் யோவான் ஒரு கனவு கண்டான். சண்டையிட்டுத் தேவதூஷணம் பேசிய சிறுவர்களைக் கை ஓங்கி அடக்கப் பாய்ந்தான். அடியினால் அன்று, சாந்தத்தினாலும் அன்பினாலுமே அவர்களை நண்பராக்க வேண்டும் என்று மேன்மைமிக்க ஒருவர் அவனுக்கு உணர்த்தினார். அன்று முதல் கயிற்றின்மேல் நடக்கவும் வித்தைகள் காட்டவும் பழகி ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டினான். வேடிக்கை பார்க்கக் கட்டணம் காசன்று. செபமாலை சொல்ல வேண்டும், கோயிலில் கேட்ட பிரசங்கத்தை அவன் திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும்.

அக்காலத்தில் அவனுக்கு ஒரு மனக்குறை இருந்தது. வழியில் வணக்கம் சொன்னால் குருக்கள் பதில் வணக்கம் சொல்லிக் கடந்து போவார்கள். நின்று பேச மாட்டார்கள். தான் குருவானால் பிள்ளைகளிடம் நெருங்கிப் போய்ப் பேசுவதென்று அவன் உறுதிகொண்டான். முதியவரான கலோசோ சுவாமி ஒருவரே அவனை அருகழைத்துப் பாடம் சொல்லித் தந்தார். 1830-ல் அவர் இறந்தபோது சிறுவன் தேற்றுவாரின்றி அழுதான்.

மூத்த தாரத்து மகனான அண்ணன் அந்தோனியின் எதிர்ப்புக்கும் வறுமைக்கும் இடையே படித்து, 1841 ஜூன் 5ஆம் நாள் தூரின் நகரில் குருப்பட்டம் பெற்றார். தொன் என்பது இத்தாலியில் குருக்களுக்கு வழங்கும் மரியாதைச் சொல். புனித கஃபாசோவோடு சிறைச்சாலைகளுக்குச் சென்றவர், அங்கே அடைபட்டுக் கிடந்த இளைஞரைக் கண்டு நடுங்கினார். வெளியே போனபின் அன்பு காட்ட ஆளின்றி அவர்கள் மீண்டும் சிறைக்கே திரும்புவதையும் கண்டார்.

அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், அசிசியார் ஆலயத்தில் பூசைக்கு உதவத் தெரியாத ஓர் அநாதைச் சிறுவனைக் கோயில் பணியாளர் அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்து, சீட்டியடிக்கத் தெரியுமா என்று கேட்டுச் சிரிக்க வைத்து, பிறகே மறைக்கல்வியைத் தொடங்கினார். இவ்வாறு தொடங்கிய ஞாயிறுக் கூட்டம் இடமின்றி அலைந்து, 1846 உயிர்ப்பு ஞாயிறன்று வால்தோக்கோவில் ஒரு கொட்டகையில் நிலைபெற்றது. அவ்வாண்டே அவர் நோயுற்றுச் சாகும் தறுவாயில் கிடந்தபோது, கொத்துவேலை செய்த சிறுவர்கள் வேலையினூடே உபவாசமிருந்து மன்றாடினார்கள்.

ஊரிலிருந்து வந்து மகனுக்குத் துணையாக நின்ற மார்கரீத்தம்மாள், பிள்ளைகள் தம் காய்கறித் தோட்டத்தை மிதித்துப் பாழாக்கியதால் மனம் நொந்து, வீடு திரும்ப எண்ணினார். மகன் பேசாமல் பாடுபட்ட சுரூபத்தைச் சுட்டிக் காட்டினார், தாய் தங்கிவிட்டார். 1856-ல் இறக்கும்வரை அங்கேயே உழைத்தார்.

தொன் போஸ்கோவின் அன்பு வெறும் உருக்கமன்று. 1852-ல் ஒரு தச்சரோடு எழுதிய ஒப்பந்தத்தில், தொழில் பழகும் சிறுவனை அடிக்காமல் சொல்லாலேயே திருத்த வேண்டும், ஞாயிறும் திருநாளும் ஓய்வு தர வேண்டும் என்று எழுதிக் கையொப்பம் பெற்றார். அறிவுக்குப் பொருந்தச் சொல்லுதல், மறைப்பற்று, கனிந்த அன்பு ஆகிய மூன்றுமே அவர் முறைக்கு அடிப்படை. குற்றம் நடந்தபின் தண்டிப்பதைவிட, குற்றம் நேராதபடி பிள்ளையின் அருகிலிருப்பதே அவர் வழி.

1884 மே மாதம் உரோமையிலிருந்து தம் சபையினருக்கு ஒரு மடல் எழுதினார். முன்பு பெரியவர்கள் பிள்ளைகளோடு கலந்து விளையாடினார்கள். இப்போது தனியே நின்று தங்களுக்குள் பேசுகிறார்கள். ஆகவே பிள்ளைகளின் நம்பிக்கையும் போயிற்று என்று வருந்தினார். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவதை அவர்கள் உணரவும் வேண்டும் என்பதே அம்மடலின் சாரம். 1888 ஜனவரி 31ஆம் நாள் இறையடி சேர்ந்த அவரைத் திருச்சபை 1934-ல் புனிதராக உயர்த்தியது. அவருடைய சலேசிய சபையார் 1906-ல் தஞ்சாவூரில் கால் பதித்தனர்.

இம்மடலை நினைக்கையில் எனக்கே உறைக்கிறது. திருப்பலி முடிந்ததும் கணக்கு நோட்டோடு அறைக்குள் போய்விடுகிறேன். பிள்ளைகள் மதிலோரம் நிற்கிறார்கள். வீட்டிலோ பிள்ளையின் கையில் கைப்பேசி. நம் கையிலும் கைப்பேசி. அதைப் பறிப்பதற்குமுன் நம்முடையதைக் கீழே வைத்து அருகில் அமர்வோம். அவர்கள் விரும்புவதில் நாம் அக்கறை காட்டினால், நாம் விரும்புவதை அவர்களும் விரும்பத் தொடங்குவார்கள். யூபிலி ஆண்டில் நம் பங்கு செய்யத்தக்க நற்செயல் இதுவே. புனித தொன் போஸ்கோ நமக்காக மன்றாடுவாராக!