சூதை எதிர்த்த திருவள்ளுவர்

மயிலாப்பூரில் பிறந்தவர் திருவள்ளுவர். தறி நெய்து பிழைத்தார். மனைவி வாசுகி. உற்ற நண்பர், கடல் வணிகர் ஏலேலசிங்கன். இது வழிவழியாக வரும் கதை. மயிலாப்பூரில் அவருக்குக் கோயிலும் உண்டு. திருவள்ளுவர் ஆண்டு கி.மு. 31-ல் தொடங்குகிறது.

இழை இழையாக நெய்து காசு கண்டவருக்குக் காசின் அருமை தெரியாதா?

அந்தக் காலத்திலும் சூதாட்டம் இருந்தது. உருட்டும் காய்க்குக் கவறு என்று பெயர். ஆடும் இடம் கழகம்.

சூதுக்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். திருக்குறளின் 133 அதிகாரங்களில் அது 94-வது. கள்ளுண்ணாமைக்கு அடுத்தது!

தூண்டில் முள்

தோற்றவனுக்கு மட்டுமா எச்சரிக்கை? இல்லை. ஜெயித்தவனைத்தான் அவர் முதலில் எச்சரித்தார். மயிலாப்பூர் கடலோர ஊர். மீன் எப்படிச் சிக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். சூதில் கிடைக்கும் வெற்றியும் இரை மாட்டிய தூண்டில் முள்தான் என்று அவர் காட்டினார்.

அது எவ்வளவு உண்மை! சூதாட்ட விடுதிகளில் ‘ரூலெட்’ என்ற சக்கரம் சுழல்கிறது. 18-ம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் தோன்றியது. ஐரோப்பியச் சக்கரத்தில் பூஜ்யம் முதல் 36 வரை 37 எண்கள்.

ஒவ்வோர் எண்ணிலும் ஒரு ரூபாய் வைத்தால் 37 ரூபாய் ஆகும். எந்த எண் விழுந்தாலும், வைத்த பணத்தையும் சேர்த்து, கைக்கு வருவது 36 ரூபாய்தான்! மீதி ஒரு ரூபாய் விடுதிக்காரருக்கு. சுற்றச் சுற்ற அவர் பெட்டிதான் நிறையும்.

உடை, செல்வம், உணவு, புகழ், கல்வி ஆகிய ஐந்தும் சூதாடியை விட்டுப் போகும் என்றார் வள்ளுவர். அவன் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?