தண்ணீரைக் கிழக்கே திருப்பிய பென்னிகுவிக்

உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் செல்வோர், சாலையோரம் நீளும் பெரிய குழாய்களைக் கவனித்திருப்பார்கள். ஜோகூர் தண்ணீர் சிங்கப்பூருக்கு வரும் வழி அது.

எல்லைக்கு அப்பாலிருந்து வரும் தண்ணீரின் அருமை, தேனி, மதுரை வட்டாரங்களைப் பூர்வீகமாகக் கொண்டவர்களுக்கும் தெரியும். அங்கு முல்லைப் பெரியாற்று நீரைக் கொண்டுசேர்த்தவர் ராணுவப் பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுவிக்.

அவர் 1841 ஜனவரி 15ஆம் தேதி புனேயில் பிறந்தார். ராணுவ அதிகாரியான தந்தையும் 17 வயது அண்ணனும் 1849ல் பஞ்சாபில் நடந்த சிலியன்வாலா போரில் ஒரே நாளில் மாண்டனர். அப்போது ஜானுக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாள் இருந்தது. இருந்தும் அவர் ராணுவத்தையே தேர்ந்தெடுத்தார். 1860ல் பொறியாளராக இந்தியா திரும்பினார். 1868ல் அபிசீனியப் போரிலும் பணியாற்றினார்.

அக்காலத்தில் பெரியாறு மேற்கே ஓடிக் கடலில் கலந்தது. மலைக்குக் கிழக்கே வைகைப் படுகை வறண்டு கிடந்தது. ஆற்றை மறித்து நீர்மட்டத்தை உயர்த்தி, மலையைக் குடைந்து நீரைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை பல்லாண்டுகளாக ஏட்டளவில் இருந்தது. அதைச் செயல்படுத்தும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது. அணை அமையும் நிலத்துக்காக 1886ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது.

1887ல் வேலை தொடங்கியது. கட்டியதை வெள்ளம் அடித்துச் சென்றது. மலேரியாவும் காலராவும் தொழிலாளர்கள் பலரைக் காவு கொண்டன. மீண்டும் மீண்டும் முயன்று, சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு 176 அடி உயர அணையை எழுப்பினர். 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது.

சொந்தச் சொத்தை விற்று அவர் அணையைக் கட்டினார் என்று ஊர்மக்கள் சொல்வதுண்டு. ஆனால், அணை அரசாங்கப் பணத்தில் எழுந்தது. அந்தக் கதை இல்லாமலேயே அவரது உழைப்பு பெரியது. பெயர் தெரியாமல் அங்கேயே மடிந்த தொழிலாளர்களின் பங்கும் அதில் உண்டு.

1896ல் ஓய்வுபெற்ற பின், இங்கிலாந்தில் பொறியியல் கல்லூரி ஒன்றுக்குத் தலைமை வகித்தார். வெள்ளத் தடுப்புக்கு ஆலோசனை கூற ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பனுக்கும் சென்றார். 1911 மார்ச் 9ஆம் தேதி இங்கிலாந்தின் கேம்பர்லியில் காலமானார்.

கேம்பர்லியில் 2022ல் தமிழக அரசு அவருக்குச் சிலை வைத்தது. தேனி மாவட்டம் பாலார்பட்டியில் விவசாயிகள் ஆண்டுதோறும் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள்.