விராலடிப்பானுக்குத் தனியிடம் தந்தவர்

மீனுண்ணும் வேட்டைப் பறவைகளெல்லாம் ஓரினமாகுமா என்று மாணவர் வினவும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் பிரான்சு நாட்டு விலங்கியலறிஞர் சாவிஞி.

1777 ஆம் ஆண்டில் புரோவேன் என்னும் ஊரிற் பிறந்த அவர், 1798 இல் நெப்போலியனின் படையோடு எகிப்து சென்ற அறிஞர் குழுவில் இடம்பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது 21. படை நாடு பிடிக்க முனைந்தது. அவரோ நைல் நதி நாட்டின் பறவைகளையும் சிற்றுயிர்களையும் தேடித் திரிந்தார். படையெடுப்புத் தோல்வியில் முடிந்தது. அவர் சேர்த்த செல்வம் நிலைத்தது.

விராலடிப்பானை 1758 இல் சுவீடிய அறிஞர் லின்னேயசு வல்லூறுகளோடு ஒரே பேரினத்திற் சேர்த்திருந்தார். எகிப்து, சிரியா நாட்டுப் பறவைகளைப் பற்றிய தம் நூலிற் சாவிஞி அதனைப் பிரித்தெடுத்துப் பாண்டியோன் என்னும் பேரினம் வகுத்தார். ஆண்டு 1809. நம் பாண்டிய மன்னரையும் பழைய கிரேக்க ஆசிரியர் இவ்வாறே குறித்தனர். ஆயினும் இப்பெயருக்குரியவன் ஏதென்சு நகரத்துப் புராண வேந்தன். அதே நூலிற் கடற்கழுகுகளுக்கு வேறொரு பேரினமும் வகுத்தார். இரண்டும் மீன் பிடிப்பவை; எனினும் உடலமைப்பில் வேறானவை.

விராலடிப்பானின் காலை உற்றுநோக்கின் இவ்வேறுபாடு விளங்கும். அதன் வெளிவிரல் பின்புறமாகத் திரும்ப வல்லது. ஆதலால் வழுக்கும் மீனை முன்னே இரு விரலும் பின்னே இரு விரலுமாகப் பற்றிக்கொள்ளும். உள்ளங்காலிற் கூரிய சிறு முட்கள் செறிந்திருக்கும். பின்வந்த அறிஞர் இப்பறவைக்குத் தனிக்குடும்பமே வகுத்தனர். இரை ஒன்றாயிருப்பதனால் உறவு ஒன்றாகிவிடாது என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் சான்றினை நான் அறியேன்.

1816 இல் அவர் பூச்சிகளின் வாயுறுப்புக்களை ஆராய்ந்து, கடிக்கும் வாயும் உறிஞ்சும் வாயும் ஒரே அமைப்பின் திரிபுகளே என நிறுவினார். மிக நுண்ணிய உறுப்புக்களை இடைவிடாது நோக்கும் பணி அது. அடுத்த ஆண்டிலேயே கண்ணோய் அவரைப் பற்றியது. 1821 இல் பிரான்சின் அறிவியற் கழகம் அவரை உறுப்பினராக்கிற்று. 1824 இல் நோய் மீண்டும் முற்றியது. பின் அவர் மீளவில்லை. ஒளியைக் கண்கள் பொறுக்கவில்லை. இருளிலும் கண்ணைக் கூசவைக்கும் பொய்த் தோற்றங்கள் வருத்தின. தாம் ஆயத்தஞ் செய்த எகிப்திய உயிரினப் படங்களுக்கு விளக்கமெழுத அவரால் இயலாது போகவே, ஓடுவான் என்னும் அறிஞர் அப்பணியை ஏற்றார். இருட்டறையிலேயே ஏறக்குறைய 27 ஆண்டுகள் வாழ்ந்த சாவிஞி 1851 இல் மறைந்தார்.

பறவை நூல்களிற் பாண்டியோன் என்னும் பெயருக்கருகே சாவிஞி, 1809 என்று அச்சிட்டிருக்கக் காணும்போது, அந்த எழுத்துக்களுக்கும் எண்களுக்கும் பின்னாலுள்ள கண்களை மாணவருக்கு நினைவூட்டாமல் நான் அப்பக்கத்தைப் புரட்டுவதில்லை.