ஜ்யோதிஷ்குடியில் உலகாரியன்

கி.பி. 1323-ஆம் ஆண்டில் தில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, பெரியபெருமாள் ஸந்நிதி வாசலில் கல்திரை எழுப்பப்பட்டது. நம்பெருமாளையும் நாச்சிமாரையும் எழுந்தருளப்பண்ணிக்கொண்டு ஒரு சிறு கோஷ்டி தெற்கு நோக்கிப் புறப்பட்டது. அதற்குத் தலைவராய் நின்றவர் பிள்ளை லோகாசார்யர். வடக்குத் திருவீதிப்பிள்ளையின் திருக்குமாரரான அவருடைய திருவயது அப்போது நூறைக் கடந்திருந்தது என்பது ஸம்ப்ரதாயம்.

வழியில் கள்வர் எதிர்ப்பட்டுப் பெருமாளின் திருவாபரணங்களைப் பறித்துச் சென்றனர். ஆபரணம் போயிற்று, பெருமாள் இருக்கிறார் என்ற தேற்றத்தோடு கோஷ்டி மேலே நடந்தது. மதுரைக்குக் கிழக்கே, ஆனைமலைக்கு அருகில் ஜ்யோதிஷ்குடி என்னும் சிற்றூரை அடைந்தார்கள். இன்று கொடிக்குளம் என்று வழங்கும் ஊர் அது. எழு திருமதிள்களுக்கு நடுவே வாழ்ந்த பெருமாளுக்குக் குன்றின் குகையே கோயிலாயிற்று.

ஆசார்யர் அங்கேயே நோவுசாத்திக்கொண்டார். திருவரங்கத்துக்குத் திரும்பும் வழி தெரியவில்லை. உடன் வந்தவர்களோ கலங்கி நின்றார்கள். அந்த நேரத்தில் அவர் திருவுள்ளத்தில் நின்றது, இனிப் பெரியோர் அருளிச்செய்த அர்த்தங்களை யார் சொல்லுவார் என்பதே. சிறு வயதில் தம் திருவடிகளில் ஆச்ரயித்த திருமலையாழ்வாரை நினைத்தார். அவரோ மதுரையில் ராஜகாரியத்தில் மூழ்கி, திவ்யப்ரபந்தத்தைவிட்டு வெகுதூரம் போயிருந்தார். கண்ணெதிரே தேறின சிஷ்யர்கள் இருக்க, விலகிப் போன ஒருவரைத் தேர்ந்தெடுத்த இந்தத் துணிவை என்னென்பது! அவரைத் திருத்தி மீட்கும் பொறுப்பைக் கூரகுலோத்தம தாஸர் முதலானோரிடம் ஒப்படைத்து, அக்குன்றின் அடியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

தாஸர் மதுரை சென்று, திருமலையாழ்வார் வரும் வழியில் நின்று திருவிருத்தத்தை உரக்க அநுஸந்தித்தார். பொருள் கேட்ட அதிகாரிக்கு அவர் கொடுத்த மறுமொழி, உமிழ்ந்ததுதான். சேவகர்கள் சீறினார்கள், திருமலையாழ்வாரோ அவர்களைத் தடுத்தார். பழைய ஆசார்ய ஸம்பந்தம் நினைவுக்கு வர, தாஸரை அழைத்து ரஹஸ்யார்த்தங்களைக் கேட்கத் தொடங்கினார். நாளடைவில் ராஜகாரியத்தைத் துறந்தார். விளாஞ்சோலைப் பிள்ளையிடம் ஸ்ரீவசநபூஷணத்தின் அர்த்தங்களையும், நாலூராச்சான் பிள்ளையிடம் ஈட்டையும் கேட்டுத் தேறித் திருவாய்மொழிப்பிள்ளையானார். காடு மூடிக் கிடந்த ஆழ்வார்திருநகரியைத் திருத்தி, நம்மாழ்வாரை மீண்டும் அங்கே எழுந்தருளப்பண்ணினவரும் இவரே.

நம்பெருமாள் திருவரங்கம் திரும்பியது 1371-இல். இடையில் 48 ஆண்டுகள் கடந்துவிட்டன. அதற்கு முந்தைய ஆண்டு ஐப்பசித் திருமூலத்தில், ஆழ்வார்திருநகரியில் மணவாள மாமுனிகள் அவதரித்திருந்தார். அவர் திருவாய்மொழிப்பிள்ளையின் திருவடிகளை ஆச்ரயித்து, பின்னாளில் திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டு ஈடு காலக்ஷேபம் ஸாதித்தார். முமுக்ஷுப்படிக்கும் தத்வத்ரயத்துக்கும் ஸ்ரீவசநபூஷணத்துக்கும் வ்யாக்யானம் அருளினவரும் அவரே. மூன்றும் ஜ்யோதிஷ்குடியில் திருமேனி விட்டவரின் நூல்கள்.

பிள்ளை லோகாசார்யர் திருவடிகளே சரணம்.