துருவை ஆராய நிலம் தந்த வள்ளல்

பிறையில் வளர்ந்தவன் நான். வீட்டுக் கேட், அப்பாவின் மோட்டார் சைக்கிள், படகுத்துறைச் சங்கிலி என எதைத் தொட்டாலும் கையில் துரு ஒட்டும். அது ஒரு பாடமாகும் என்று நான் நினைத்ததே இல்லை. டிப்ளோமா இறுதியாண்டில் எனக்குக் கிடைத்த திட்டப்பணியோ, கடல்நீரில் கார்பன் எஃகு அரிக்கப்படுவதைத் தடுப்பான்கள் எப்படிக் குறைக்கின்றன என்பதுதான்.

முதல் சோதனையிலேயே சறுக்கினேன். கடல்நீரில் ஊறிய எஃகுத் துண்டின் எடை குறைந்திருக்க வேண்டும். என் துண்டு கனத்திருந்தது! ஒட்டியிருந்த துருவை நீக்காமலேயே நிறுத்துவிட்டேன்.

அந்த வெட்கத்தோடு ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டியபோது ஓர் ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வந்தது: காரைக்குடி. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் அங்கே இருக்கிறது. செட்டிநாட்டு ஊரில் அது எப்படி வந்தது என்று தேடினேன். அழகப்பச் செட்டியார் கிடைத்தார்.

1909 ஏப்ரல் 6-இல் கோட்டையூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்து, லண்டனில் சட்டம் படித்தார். விமானம் ஓட்டவும் அங்கே உரிமம் பெற்றார். பிறகு வணிகம். கேரளத்தில் நூற்பாலை நடத்தினார். நம் மலாயாவில் ரப்பர் தோட்டமும் வைத்திருந்தார்.

1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. செல்வந்தர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் கேட்டுக்கொண்டார். அழகப்பர் அந்த மேடையிலேயே ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே காரைக்குடியில் கல்லூரி தொடங்கிவிட்டது.

ஆனால் என்னை அசர வைத்தது அடுத்த கொடைதான். தேசிய ஆய்வகங்களுள் ஒன்று தம் ஊருக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். கல்லூரி கட்டினால் சில ஆண்டுகளில் பட்டதாரிகளைக் கண்ணால் பார்க்கலாம். துருவையும் மின்கலத்தையும் ஆராயும் கூடத்தின் பலன் அப்படிச் சீக்கிரம் தெரியாது. இலக்கியமும் சட்டமும் படித்த ஒருவர் அதற்கு அள்ளிக் கொடுத்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்த நிலையத்தார் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை உப்புக் காற்றில் வைத்துச் சோதித்தார்கள். நான் செய்ததும் அதே வேலையின் சிறு துளிதான். இரும்பு எலெக்ட்ரானை இழக்கிறது, நீரில் கரைந்த ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்கிறது. தடுப்பான் மூலக்கூறுகள் எஃகின் மேல் படலமாக ஒட்டி இந்தக் கொடுக்கல் வாங்கலை மெதுவாக்குகின்றன. சில தடுப்பான்களை அளவு குறைத்துப் போட்டால் ஆபத்து: மூடப்படாத இடங்களில் அரிப்பு குவிந்து குழி விழும். குரோமேட் நன்றாக வேலை செய்யும், ஆனால் நஞ்சு. அதனால்தான் இப்போது தாவரச் சாறுகளைத் தேடுகிறார்கள். நம் பினாங்கிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் சதுப்புநில மரப்பட்டையின் டானினைச் சோதித்திருக்கிறார்கள்.

அழகப்பர் தாம் வாழ்ந்த வீட்டையும் பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார். 1957 ஜனவரியில் பத்மபூஷண் விருது கிடைத்தது. ஏப்ரல் 5-இல் மறைந்தார். மறுநாள் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும். ஆய்வு நிலையத்துக்கு அப்போது நான்கு வயதுதான்.

நான் என் எஃகுத் துண்டுகளைத் துரு போகக் கழுவி, உலர்த்தி, மறுபடி நிறுத்தேன். இந்த முறை எடை குறைந்திருந்தது. தடுப்பான் போட்ட துண்டில் குறைவு சொற்பம்.