காசநோயாளியின் உடலைப் பார்த்த டாக்டர் சௌரி முத்து

மடுல்சீமை போன்ற ஊவா மலைத் தோட்டங்களில் காசநோய் கண்டவருக்கு அரசாங்க வைத்தியசாலை மாத்திரைகளை இலவசமாகவே தருகின்றது. ஆனால் அவர் திரும்பிச் செல்வது காற்றோட்டமற்ற, அடுப்புப்புகை அடங்காத லயத்துக் காம்பராவுக்கே. மாத்திரை கிருமியைக் கொல்லும். கிருமி குடியேறிய உடலைத் தேற்றுவது எது? ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இதைத் தம் வாழ்நாட் பணியாக்கியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து.

1864இல் பிறந்த அவர், இங்கிலாந்தின் மென்டிப் குன்றுகளில் காசநோயாளருக்கென ஒரு சானட்டோரியத்தை நடத்தினார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. திறந்த சாளரம், நிறைந்த உணவு, ஓய்வு, தேறியபின் சிறிது சிறிதாக வேலை, இவையே சிகிச்சை. கணித மேதை இராமானுஜன் 1914இல் இங்கிலாந்து சென்ற கப்பலில் முத்துவும் இருந்தார். 1917இல் இராமானுஜன் அவரிடமே நோயாளியாகச் சேர்ந்தார். நெடுநாள் தங்கவில்லை. இராமானுஜனுக்கு வந்தது காசநோயே அன்று எனப் பிற்காலத்தில் வாதிட்ட மருத்துவரும் உண்டு.

தமிழகம் திரும்பிய முத்து, 1928இல் தாம்பரத்தில் 12 படுக்கைகளுடன் ஒரு சானட்டோரியத்தைத் தொடங்கினார். 1937இல் சென்னை அரசு அதனை ஏற்றது. இன்றும் அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானட்டோரியம். 1940இல் அவர் மறைந்தார்.

அவர் கிருமிக்கு உரிய இடத்தைக் கொடுக்கவில்லை என்பது உண்மையே. மருந்துகள் வந்தபின், 1959இல் சென்னை சேத்துப்பட்டு ஆய்வு, நெரிசலான ஏழை வீட்டில் இருந்தபடியே மருந்துண்டவரும் சானட்டோரியத்தில் இருந்தவருக்கு நிகராகக் குணமடைவதைக் காட்டிற்று. உலகெங்கும் சானட்டோரியங்கள் மூடப்பட்டன. முத்து மறக்கப்பட்டார்.

எனினும் நோயாளியின் உடலை நோக்கிய சிகிச்சை இன்று மீண்டும் ஆராயப்படுகின்றது. சேத்துப்பட்டு நிலையத்தின் வழிவந்த நிறுவனமே நீரிழிவு மருந்தான மெட்போர்மினைக் காசநோய் மருந்துகளுடன் சேர்த்துச் சோதித்தது. கிருமி விரைந்து அழியவில்லை. ஆனால் நுரையீரலைச் சிதைக்கும் அழற்சி தணிந்தது என 2022இல் முடிவு வந்தது. அதனினும் எளிய சான்று 2023இல் ஜார்கண்டிலிருந்து கிடைத்தது. காசநோயாளியின் வீட்டாரில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்தபோது, வீட்டாரிடையே புதிதாக நோய் காண்பது 39 சதவீதம் குறைந்தது.

தோட்டத்தில் ஒருவர் இருமிப் படுத்தால் முதலில் குறைவது அவருடைய பேர்; அடுத்துக் குறைவது வீட்டு அரிசி. மாத்திரை கொடுக்கும் கையே அந்த அரிசியையும் கொடுக்கலாமே.